சக் கீ எங்கே? சூரமங்கலத்து லேத் பட்டறை ஒன்று ஒழுங்குக்கு வந்த விதம்

"சக் கீ எங்கடா?" நான் சின்னப் பிள்ளையாக இருந்ததிலிருந்து எங்கள் பட்டறையில் கேட்டு வளர்ந்த கேள்வி இது. இரும்பைச் சுழற்றிக் கடையும் லேத் மெஷினில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் பாகம் சக்; அதை முறுக்கும் சாவிதான் சக் கீ. அடுத்தது, "எட்டாம் நம்பர் ஆலன் கீயை எவன் எடுத்தான்?" லேத் சத்தத்தோடு சத்தமாக இந்தக் கேள்விகளும் நாள் முழுக்க ஓடும். தேடுவதும் வேலையில் ஒரு பகுதி என்றே எல்லோரும் நினைத்திருந்தோம்.

சேலம் சூரமங்கலம் பக்கம் எங்கள் பட்டறை. நான்கு லேத், ஒரு மில்லிங், ஒரு டிரில்லிங், ஒரு ஸ்லாட்டிங் மெஷின். ஜவ்வரிசி ஆலைகளுக்குச் சுழலும் தண்டான ஷாஃப்ட், அதைத் தாங்கும் புஷ், பெல்ட் ஓடும் புல்லி செய்கிறோம். விசைத்தறிக்கும் சில பாகங்கள் போகும். என்னோடு சேர்த்து 12 பேர். ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியின் தரப் பிரிவில் ஆறு வருடம் இருந்தேன். அப்பாவுக்கு மூட்டு அறுவை சிகிச்சை ஆனதும் ஊர் திரும்பிப் பட்டறையைக் கையில் எடுத்தேன். ஐந்து வருடம் ஆகிறது. அங்கே பார்த்த, வீணாவதைக் குறைக்கும் லீன் முறைகளில் எது நம் ஊர்ப் பட்டறையில் நிற்கிறது, எதை எப்படி மாற்ற வேண்டியிருந்தது என்று எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. பத்துப் பேர், இருபது பேர் வேலை செய்யும் எந்த இடத்துக்கும், தையல் யூனிட், அச்சகம், டூவீலர் ஒர்க்‌ஷாப் எதுவானாலும், இதில் பெரும்பகுதி பொருந்தும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்த தவறு

நான் வந்த மூன்றாம் மாதம். யாரும் இல்லாத ஞாயிறாகப் பார்த்து நானும் தம்பியும் பட்டறையைத் திறந்தோம். காலை ஏழு மணிக்குத் தொடங்கி இரவு ஒன்பது மணி வரை வேலை. ரேக்குகளைத் துடைத்தோம், தட்டுகளுக்குப் பெயர் ஒட்டினோம், தரையில் மஞ்சள் கோடு போட்டோம். துருப்பிடித்தது, என்னவென்று தெரியாதது எல்லாவற்றையும் கோணியில் கட்டிப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பினோம். திங்கட்கிழமை காலையில் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. வியாழனுக்குள் எல்லாம் பழையபடி கலைந்துவிட்டது.

கலைந்ததுகூடப் பெரிதில்லை. ஃபோர்மேன் மாமா என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். எங்கள் பட்டறையில் அவருக்கு 31 வருடம். நான் பாவாடை சட்டையில் ஓடிய நாளிலிருந்து இன்று வரை அவருக்கு நான் பாப்பாதான்.

"பாப்பா, ரேக்குக்குக் கீழ ஒரு பிஸ்கட் டப்பால டூல் பிட்டு கொஞ்சம் வெச்சிருந்தேன். பாத்தியா?"

அந்த டப்பா கோணியில் போயிருந்தது. புல்லியில் வி-பெல்ட் காடி வெட்டுவதற்காக அவர் தன் கையால் கிரைண்டரில் தீட்டி வைத்திருந்த டூல்கள் அவை. காடியின் கோணம் புல்லியின் விட்டத்தைப் பொறுத்து 34, 36, 38 டிகிரி என்று மாறும். ஒவ்வொன்றுக்கும் ஒரு டூல். பெயர் ஒட்டியிருக்கவில்லை. எனக்கு அது துருப்பிடித்த இரும்பாகத்தான் தெரிந்தது. கடைக்கு ஓடினேன், சரக்கு லாரி ஏறிப் போயிருந்தது. மாமா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. இரண்டு வாரம், வேலை முடிந்த பிறகு நின்று, ஒவ்வொன்றாகப் புதிதாகத் தீட்டினார். அந்த இரண்டு வாரமும் நான் பக்கத்தில் நின்று கோணமானியைப் பிடித்துக் கொடுத்தேன். மன்னிப்பும் கேட்டேன்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போகும் எல்லாம் அந்த டப்பாவில் இருந்து கற்றதுதான். ஒரு பொருளை யார் எடுத்து வேலை செய்கிறாரோ அவர்தான் அதன் இடத்தைத் தீர்மானிக்க வேண்டும். நடத்துபவருக்கு அதற்கான நேரத்தை ஒதுக்கித் தருவதும், பலகை, ஆணி, பெயின்ட் வாங்கித் தருவதும், கேட்பதும்தான் வேலை. மற்றவர்களின் பொருளை அவர்கள் இல்லாத நேரத்தில் அடுக்கி வைக்கவே கூடாது.

தறியில் தொடங்கிய முறை

கொஞ்சம் வரலாறு. சேலத்துக்காரர்களுக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன். லீன் என்ற பெயரை 1988-இல் ஜான் கிராஃப்சிக் என்ற அமெரிக்கர் தன் கட்டுரை ஒன்றில் வைத்தார். பெயர் அவருடையது, சரக்கு டொயோட்டாவுடையது. அந்தக் கார் கம்பெனிக்கு முன்னால் அந்தக் குடும்பத்தின் தொழில் தறி. சகிச்சி டொயோடா செய்த தறியில் நூல் அறுந்தால் தறி தானே நின்றுவிடும். 1924-இல் வந்த அவருடைய தானியங்கித் தறி உலகப் பெயர் பெற்றது. 1929-இல் அதன் காப்புரிமையை இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் கம்பெனி வாங்கியது. மகன் கிச்சிரோ 1937-இல் கார் கம்பெனியை நிறுவினார். இந்த முறையை முழுதாக உருவாக்கியவர் என்று சொல்லப்படும் தாயிச்சி ஓனோவும் அந்தக் குடும்பத்தின் நெசவு ஆலையில் வேலை பார்த்துவிட்டு 1943-இல் கார் பக்கம் வந்தவர்தான்.

அம்மாப்பேட்டையில் எங்கள் அம்மாயி வீட்டில் தறி இருந்தது. இழை அறுந்ததைக் கவனிக்காமல் ஓட்டினால் எவ்வளவு துணி வீணாகும் என்று அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தப்பு நடந்த இடத்திலேயே நிற்க வேண்டும், தப்பான சரக்கு அடுத்தவர் கைக்குப் போகக் கூடாது என்ற இந்த யோசனை நமக்கு அந்நியமானதே இல்லை.

முதல் வாரம் எதையும் தொடாதீர்கள்

ஓனோ தன் ஆட்களுக்குத் தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, உள்ளே நிற்கவைத்து, பார் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாராம். நானும் வட்டம் போட்டேன், எனக்கு நானே. இரண்டாம் நம்பர் லேத்துக்கு எதிரே ஒரு மணி நேரம் நின்றேன்.

நிற்பதற்கு முன் அந்த லேத்தை ஓட்டும் டர்னரிடம் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் நோட்டோடு நின்றால், கூலியைக் குறைக்க அளக்கிறார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். "அண்ணா, நான் உங்கள அளக்கல, பட்டறையத்தான் அளக்கறேன். முடிஞ்சதும் நோட்ட உங்ககிட்டயே காட்டறேன்" என்றேன். காட்டவும் செய்தேன். இதை விட்டுவிட்டால் பிறகு செய்யும் எதற்கும் மரியாதை இருக்காது.

நோட்டில் மூன்று பத்தி போதும். டூல் இரும்பை வெட்டும் நேரம், இரும்பையும் டூலையும் மெஷினில் பொருத்தும் செட்டிங் நேரம், தேடுவதும் நடப்பதும் காத்திருப்பதுமான நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் டூல் உண்மையில் வெட்டியது 23 நிமிடம். அவர் 14 முறை பட்டறையின் அந்தக் கோடிக்கு நடந்தார், ஏனென்றால் டூல் ரேக் அங்கே இருந்தது. அது ஏன் அங்கே இருந்தது? இருபது வருடத்துக்கு முன் ஒருமுறை டிரில் பிட்டுகள் காணாமல் போக, கண் பார்வையில் இருக்கட்டும் என்று அப்பா தன் மேசைக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்திருந்தார். யாருக்கும் அது நினைவிலேயே இல்லை. நடந்துகொண்டே இருந்தார்கள்.

டொயோட்டாக்காரர்கள் வீணாவதை ஏழு வகையாகப் பிரிப்பார்கள்: தேவைக்கு மேல் செய்வது, காத்திருப்பது, தூக்கிக்கொண்டு அலைவது, தேவையில்லாத நகாசு, குவித்து வைப்பது, வீண் நடை, கழிவாகும் ஜாப் (செய்த பாகம்). ஏழையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஆனால் முதலாவதைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அது வீண் என்றே தெரியாது. ஆர்டர் 120 புஷ். "செட்டிங் போட்டாச்சு, சேத்து 200 ஓட்டிடலாம்" என்போம். அந்த 80 புஷ் ரேக்கில் தூசி ஏறிக் கிடக்கும். பித்தளை வாங்கிய காசு அதற்குள் முடங்கும். அடுத்த ஆர்டர் வரும்போது பார்ட்டி அளவை மாற்றியிருப்பார். நாங்கள் இப்போது ஆர்டரோடு நான்கைந்து மட்டும் கூட ஓட்டுகிறோம்.

சிவப்பு அட்டை

வேலை இடத்தை ஒழுங்குபடுத்த ஃபைவ் எஸ் என்று சொல்லும் ஐந்து படியில் முதலாவது செய்ரி, வேண்டியதையும் வேண்டாததையும் பிரிப்பது. சந்தேகமான பொருள் எதையும் தூக்கிப் போடாதீர்கள். ஒரு சிவப்பு அட்டையில் தேதியும் அட்டை கட்டியவர் பெயரும் எழுதிக் கம்பியால் கட்டுங்கள். பட்டறையில் ஒரு மூலையை அதற்கென்று ஒதுக்குங்கள். 30 நாள். அதற்குள் யாராவது வேண்டும் என்றால் அட்டையில் காரணத்தை எழுதிவிட்டு எடுத்துக்கொள்ளலாம். விளக்கம் கேட்டுக் குடைய வேண்டாம்.

30 நாள் போதாத பொருட்களும் உண்டு. ஜவ்வரிசி ஆலைகள் அரவை சீசனுக்கு முன்னால்தான் மெஷின்களைப் பிரித்துப் பழுது பார்ப்பார்கள். அப்போது மட்டும் தேவைப்படும், ஜாப்பைச் சரியாகப் பிடித்து நிறுத்தும் ஜிக், ஃபிக்ஸ்சர் எங்களிடம் எட்டோ ஒன்பதோ இருக்கிறது. அவற்றுக்கு மஞ்சள் அட்டை, ஒரு வருடத் தவணை, பரணில் இடம். உங்கள் தொழிலின் சீசன் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். தையல் யூனிட் என்றால் தீபாவளிக்கு மட்டும் எடுக்கும் பொருள் இருக்கும், அச்சகம் என்றால் காலண்டர் வேலைக்கு மட்டும் எடுப்பது இருக்கும்.

போக வேண்டியது போகும்போது இரும்பை இனம் பிரித்துப் போடுங்கள். பித்தளைச் சுருளும் வார்ப்பிரும்புத் தூளும் எஸ்எஸ் (ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல்) சுருளும் ஒரே கோணியில் கலந்தால் கடைக்காரர் மட்டமான விலைதான் போடுவார். நான்கு டிரம் வைத்து, மேலே பெரிய எழுத்தில் பெயர் எழுதினோம். கூடுதலாக வந்த காசை என் கணக்கில் சேர்க்கவில்லை. அதில் ஒரு பெரிய ஃபேன் வாங்கி மூன்றாம் நம்பர் லேத்துக்குப் பின்னால் மாட்டினோம். பிரித்துப் போட்டவர்களுக்கே அது காற்றாகத் திரும்பி வந்ததால் இன்றும் யாரும் கலப்பதில்லை.

இடம் ஒதுக்குவது

இரண்டாவது செய்டன். இதில்தான் நிறைய நேரம் செலவிட வேண்டும், அவசரப்பட்டால் மறுபடி கலையும்.

மணிக்கு ஒருமுறை எடுப்பது கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். நாளுக்கு ஒருமுறை எடுப்பது நான்கு எட்டு நடையில். மாதத்துக்கு ஒருமுறை எடுப்பது ஸ்டோரில். இந்தக் கணக்கை ஆபரேட்டரிடமே கேட்டு எழுதுங்கள். நான் நினைத்ததற்கும் அவர்கள் சொன்னதற்கும் பல இடத்தில் ஒத்துப்போகவில்லை. அளவு பார்க்கும் வெர்னியர், மெஷினுக்கு வலப்பக்கம் வேண்டும் என்று நான் பலகை அடித்தேன். நான்காம் நம்பரில் இருக்கும் தம்பிக்கு இடது கைதான் வாகு. அவர் ஒரு வாரம் சொல்லாமலே உடம்பைத் திருப்பித் திருப்பி எடுத்திருக்கிறார். கேட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

ஒவ்வொரு லேத்துக்கும் ஒரு ப்ளைவுட் பலகை. அதில் ஸ்பேனர், ஆலன் கீ, சக் கீ ஒவ்வொன்றையும் வைத்து, சுற்றிலும் பென்சிலால் வரைந்து, அந்த உருவத்தைக் கறுப்பு பெயின்டில் நிரப்ப வேண்டும். பொருள் இல்லாத இடம் கறுப்பாக உறுத்தும். யாரும் எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை, பத்தடி தூரத்தில் இருந்தே எது குறைகிறது என்று தெரியும். பொதுவில் எடுக்கும் பொருளுக்கு, எடுத்த இடத்தில் தன் பெயர் போட்ட டோக்கனை மாட்டிவிட்டுப் போக வேண்டும். எங்கள் டோக்கன்கள் பித்தளை வில்லைகள். கழிவுத் துண்டில் ஹெல்பர் பையன் வெட்டி, ஒவ்வொருவர் பெயரின் முதல் எழுத்தையும் பஞ்ச் அடித்தான்.

பெயின்டை உடனே அடிக்காதீர்கள். முதல் இரண்டு வாரம் தரையிலும் பலகையிலும் சாக்பீஸ்தான். எது எங்கே நகர விரும்புகிறது என்று அந்த இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும். நாங்கள் டிராலி நிற்கும் கட்டத்தை மூன்று முறை அழித்து வரைந்தோம். அப்புறம்தான் பெயின்ட். தரையில் ஒட்டும் டேப் லேத் பட்டறைக்கு ஒத்துவராது. வெட்டும் சூட்டைத் தணிக்க ஊற்றும் கூலன்ட்டும் எண்ணெயும் பட்டு ஒரு மாதத்தில் உரிந்துவிடும்.

சக் கீக்கு மட்டும் தனிச் சட்டம். சக்கில் கீயை விட்டுவிட்டு மெஷினைப் போட்டால் அது பறந்து வந்து மண்டையைப் பிளக்கும். அதனால் கீ அதன் கொக்கியில் தொங்கினால்தான் ஸ்விட்சில் கை போக வேண்டும். கொக்கியை ஸ்விட்சுக்கு நேர் மேலே அடித்திருக்கிறோம், கண் தவறவே முடியாது. ஸ்பிரிங் வைத்த சக் கீயும் கடையில் கிடைக்கிறது, கையை எடுத்தால் அது தானே சக்கை விட்டு வெளியே வந்துவிடும். வசதி இருந்தால் அதையே வாங்குங்கள். ஒழுங்கு எதற்கு என்று கேட்கும் புதுப் பையன்களுக்கு முதலில் இந்தக் கொக்கியைத்தான் காட்டுகிறேன்.

துடைக்கும் கைக்குத்தான் தெரியும்

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் நம் ஊர்ப் பட்டறைகளைப் பார்த்திருப்பீர்கள். மெஷின் எல்லாம் எண்ணெய் போட்டுத் துடைத்து, விபூதி சந்தனம் குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, தரையைக் கழுவி விட்டிருப்போம். மெஷினைச் சாமியாகப் பார்க்கும் மனது நமக்கு ஏற்கனவே இருக்கிறது. அதே கையை நாளுக்குப் பத்து நிமிடம் கேட்பதுதான் மூன்றாவது படியான செய்சோ.

அந்தப் பத்து நிமிடம் சம்பள நேரத்துக்குள் வர வேண்டும். ஐந்தரைக்கு மணி அடித்தபின் துடையுங்கள் என்றால் அது அவர்கள் வீட்டு நேரத்தைத் திருடுவது. நாங்கள் ஐந்து இருபதுக்கு எல்லா மெஷினையும் நிறுத்திவிடுகிறோம். என் கையிலும் அப்போது துடைப்பம் இருக்கும். அலுவலக அறையில் உட்கார்ந்துகொண்டு மற்றவர்களைக் கூட்டச் சொன்னால் நடக்காது.

சுருளைக் கையால் இழுக்கக் கூடாது, கம்பிக் கொக்கியும் பிரஷும் வேண்டும். கம்ப்ரெஸர் காற்றால் லேத்தை ஊதக் கூடாது. ஊதினால் தூள் நகரும் ஸ்லைடுக்கு அடியில் போய் உட்கார்ந்து, அது ஓடும் அடித்தளமான பெட்டைத் தேய்த்துவிடும், கண்ணிலும் தெறிக்கும். மெஷின் ஓடும்போது துணியோடு பக்கத்தில் போகவே கூடாது.

துடைக்கும்போது மெஷினைப் பார்ப்பதுதான் இதில் முக்கியம். இரண்டாம் நம்பர் லேத்தில் சக் மாட்டியிருக்கும் ஹெட்ஸ்டாக்குக்கு அடியில் தினமும் ஒரே இடத்தில் எண்ணெய் பிசுக்கு வருகிறது என்று ஹெல்பர் பையன் நான்காம் நாள் சொன்னான். ஆயில் சீல் கிழிந்திருந்தது. சில நூறு ரூபாய் சீல். அவன் சொல்லாமல் விட்டிருந்தால் பேரிங்கே போயிருக்கும்.

இரண்டு டப்பா

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டூல் முனையில் மாட்டும் இன்சர்ட், ஹேக்ஸா பிளேடு, காட்டன் வேஸ்ட், கூலன்ட் ஆயில் இவையெல்லாம் தீர்ந்த பிறகுதான் தீர்ந்தது தெரியும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு டப்பா வையுங்கள். முன் டப்பா காலியானதும் பின் டப்பாவை எடுக்க வேண்டும். அதன் மேல் இருக்கும் அட்டையைச் சுவரில் இருக்கும் ஆணியில் மாட்ட வேண்டும். ஆணியில் அட்டை இருந்தால் அன்று மாலைக்குள் நான் ஆர்டர் போட வேண்டும். பின் டப்பாவில் எத்தனை இருக்க வேண்டும் என்றால், ஒரு நாள் செலவைச் சரக்கு வந்து சேரும் நாட்களால் பெருக்கி, இரண்டு நாள் செலவைக் கூடச் சேர்க்க வேண்டும். எங்களுக்கு நாளுக்கு 2 இன்சர்ட் ஆகிறது. கோயம்புத்தூரில் இருந்து பார்சல் வர 4 நாள். ஆக 8, மேலே 4, மொத்தம் 12. டொயோட்டாவின் கான்பான் அட்டையும் இந்த யோசனையில்தான் ஓடுகிறது. ஓனோ இதை அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டுகள் அலமாரியை நிரப்பும் விதத்தில் இருந்து எடுத்ததாகச் சொல்வார்கள். நம் மளிகைக் கடை அண்ணாச்சிக்கும் தெரிந்த கணக்குதான்.

ஆட்களோடு நடப்பது

பலகையும் பெயின்ட்டும் ஒரு மாதத்தில் முடியும். இந்தப் பகுதிக்கு எனக்கு மூன்று வருடம் ஆனது.

தப்பு நடந்தால் யார் என்று முதலில் கேட்காதீர்கள். ஏன் என்று கேளுங்கள், பதில் வந்தால் அதற்கும் ஏன் என்று கேளுங்கள். ஓனோ சொல்லும் உதாரணம் எங்களைப் போன்ற மெஷின் ஷாப்புக்கென்றே செய்த மாதிரி இருக்கும். மெஷின் ஏன் நின்றது? லோடு கூடி ஃபியூஸ் போனது. லோடு ஏன் கூடியது? பேரிங்கில் எண்ணெய் இல்லை. ஏன் இல்லை? பம்ப் சரியாக இழுக்கவில்லை. ஏன்? பம்பின் ஷாஃப்ட் தேய்ந்திருக்கிறது. ஏன் தேய்ந்தது? வடிகட்டி இல்லாததால் இரும்புத் தூள் உள்ளே போனது. முதல் பதிலோடு நின்றிருந்தால் ஃபியூஸை மட்டும் மாற்றியிருப்பார்கள்.

எங்கள் கதை இன்னும் சின்னது. 30 புஷ்ஷின் உள்விட்டம் பெரிதாகிப் போய் ஆலையிலிருந்து திரும்பி வந்தது. பழைய நாளாக இருந்தால் அந்த டர்னர் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார். மெஷின் பக்கத்திலேயே நின்று கேட்டோம். அளவு ஏன் தவறியது? வெர்னியரில் ஜீரோ சேரவில்லை. ஏன்? கீழே விழுந்திருக்கிறது. ஏன் விழுந்தது? லேத் பெட் மேல் வைத்திருந்தார், அதிர்வில் நகர்ந்து விழுந்தது. ஏன் அங்கே வைத்தார்? வைக்க வேறு இடம் இல்லை. மூன்று நாள் முன்பே விழுந்ததை அவர் ஏன் சொல்லவில்லை? இந்தக் கேள்விக்கு அவர் என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். "சொன்னா சம்பளத்துல புடிப்பாங்களோன்னு நெனச்சேன் அக்கா." உடைந்த கருவிக்குச் சம்பளத்தில் பிடிக்கும் வழக்கம் எங்கள் பட்டறையில் பல காலமாக இருந்தது. அன்றே அதை நிறுத்தினேன். லேத் பக்கத்தில் ரப்பர் விரித்த தட்டு ஒன்றை மாட்டினோம். தட்டை விட அந்தப் பிடித்தத்தை நிறுத்தியதுதான் அதிகம் வேலை செய்தது. இப்போது விழுந்தால் விழுந்த நிமிடமே வந்து சொல்கிறார்கள், ஜீரோ சரிபார்த்துவிட்டுத்தான் அடுத்த ஜாப்.

டொயோட்டாவில் வேலை செய்யும் எவரும் கயிற்றை இழுத்து உதவிக்குக் கூப்பிடலாம், சிக்கல் தீராவிட்டால் லைனே நிற்கும். நாங்கள் ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு சிவப்பு பல்பும் சாதாரண ஸ்விட்சும் மாட்டினோம். தட்டினால் ஐந்து நிமிடத்துக்குள் நானோ ஃபோர்மேன் மாமாவோ அங்கே நிற்க வேண்டும். முதல் மாதம் யாரும் தட்டவில்லை, பயம். முதன்முதலில் தட்டியவர் மாமாதான், வேண்டுமென்றே, எல்லோரும் பார்க்க. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையோடு ஓடினேன். டிராயிங்கில் ஒரு அளவு புரியவில்லை என்றார். அவருக்குப் புரியாத டிராயிங் கிடையாது. அடுத்த வாரத்தில் இருந்து பையன்களும் தட்டினார்கள்.

காலை ஒன்பதுக்கு முன் ஏழு நிமிடம் பலகைக்கு முன்னால் நிற்கிறோம். உட்கார்ந்தால் அரை மணி ஆகிவிடும், அதனால் நின்றுகொண்டே பேசுகிறோம். நேற்று யாருக்காவது கை கால் பட்டதா, நேற்று என்ன தடை, இன்று யார் என்ன ஜாப், யாருக்கு எது குறைகிறது. பலகையில் எழுதுவது தமிழில்தான். நடத்துபவர் வாரம் ஒருவராக மாறும், ஹெல்பர் உட்பட. பேசக் கூச்சப்படுகிறவருக்கு முதல் முறை பக்கத்தில் நில்லுங்கள், ஆனால் அவருக்காக நீங்கள் பேசிவிடாதீர்கள். யாராவது யோசனை சொன்னால் மறுநாள் காலைக்குள் பதில் சொல்ல வேண்டும். முடியாது என்றாலும் காரணத்தோடு முடியாது என்று சொல்லலாம், பதிலே இல்லாமல் விட்டால் அடுத்த யோசனை வராது.

ஜப்பானியர் மூடா, மூரா, மூரி என்று மூன்று சொல் சேர்த்துச் சொல்வார்கள். வீண், சீரின்மை, தாங்காத சுமை. முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டு ஆட்களைப் பிழிகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், அது எனக்குக் கோபம் தரும் விஷயம். சித்திரை வைகாசியில் சேலத்து வெயில் தகரக் கூரைக்கு அடியில் எப்படி இருக்கும் என்று தெரியும். அந்த இரண்டு மாதம் நாங்கள் காலை ஏழுக்கே தொடங்கி, கனமான ஷாஃப்ட் வேலையைப் பதினொன்றுக்குள் முடித்துவிட்டு, மதியம் அளவு பார்ப்பதும் பிசிர் எடுப்பதும் வைத்துக்கொள்கிறோம். மாலையில் தட்டுவடை செட் என் செலவு.

நிலைக்க வைப்பது

நான்காவது செய்கெட்சு, ஐந்தாவது ஷிட்சுகே: எல்லோரும் ஒரே மாதிரி செய்வது, அது பழக்கமாவது. எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒவ்வொரு மெஷின் மேலும் ஒரு போட்டோ ஒட்டியிருக்கிறோம். சனிக்கிழமை ஒருவர் சுற்றிப் பார்த்து மார்க் போடுவார். ஹெல்பர் பையன் ஃபோர்மேன் மாமாவின் பலகைக்கு மார்க் குறைத்த வாரம் பட்டறையே வேடிக்கை பார்த்தது. "கொறச்சது சரிதான் தம்பி" என்று சொல்லி மாமா ஸ்பேனரை எடுத்து மாட்டினார்.

வெளியாள் உதவி வேண்டுவோர் மத்திய அரசின் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) அமைச்சகத்தின் லீன் திட்டத்தைப் பாருங்கள். 2023 மார்ச்சில் தொடங்கியது; அடிப்படை, இடைநிலை, உயர்நிலை என்று மூன்று படிகள், ஆலோசகர் செலவில் பெரும்பகுதியை அரசே ஏற்கிறது. ஆனால் பட்டறை முழுவதையும் ஒரே நேரத்தில் தொடாதீர்கள். விருப்பத்தோடு வரும் ஒருவரின் ஒரு மெஷினில் தொடங்குங்கள். அவர் தேடாமல் வேலை செய்வதைப் பார்த்து அடுத்தவர் கேட்கும்வரை பொறுங்கள். எங்களுக்கு நான்கு லேத் முடிய ஏழு மாதம் ஆனது.

எவ்வளவு நிலைத்திருக்கிறது என்று பார்க்க நான் செய்யும் சோதனை ஒன்று இருக்கிறது. வருடத்தில் மூன்று நாள் பட்டறையை விட்டு முழுதாக வெளியே போவேன். போன மே மாதம் பிள்ளைகளோடு ஏற்காடு கோடை விழாவுக்குப் போயிருந்தேன். வரும் ஒவ்வொரு போனையும் குறித்துவைப்பேன், ஏனென்றால் ஒவ்வொரு போனும் பட்டறையில் எழுதி வைக்காத ஒன்றைக் காட்டும். இரண்டு வருடம் முன்பு இதே மூன்று நாளில் 26 போன். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி முடிப்பதற்குள்ளேயே நான்கு வந்தது. இந்த முறை மொத்தம் இரண்டு. ஒன்று ஆலைக்காரர் பணம் அனுப்பியதாகச் சொன்னது. இன்னொன்று ஃபோர்மேன் மாமா, ஒரு பழைய புஷ்ஷின் டிராயிங் எங்கே என்று கேட்டார். அது என் மேசை டிராயருக்குள் இருந்தது. கீழே இறங்கி வந்ததும் டிராயிங் ஃபைல்களை எல்லாம் டிராயரில் இருந்து எடுத்து, மில்லிங் மெஷினுக்குப் பக்கத்துச் சுவரில், மாமாவின் கை எட்டும் உயரத்தில் ரேக் அடித்து வைத்தேன்.